பெரியம்மை விறைத்துக்கொள்ளாத தூரம்

பெரியம்மைக்கு 78 வயது. கல்லிடைக்குறிச்சியில் பழைய முற்றம் வைத்த வீடு. இன்றைக்கும் காலையில் பக்கத்து வீட்டு ஆச்சியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து அப்பளம் இடுகிறாள். விற்பனைக்கெல்லாம் இல்லை, கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். இடும்போது பேசிக்கொண்டே இருப்பாள். பாதி ஊர்வம்பு, மீதி எனக்குப் புத்திமதி. புத்திமதி சொல்லும்போது இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும்.

அந்தப் புருவத்தைப் படம் பிடிக்க இரண்டு வருடம் முயன்றேன். கேமராவைப் பையிலிருந்து எடுத்த நொடியில் குழவி கீழே போய்விடும். முந்தானையை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்துவிடுவாள். புருவம் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்.

என்னிடம் அப்போது இருந்தது நிக்கான் டி5300, டிஎஸ்எல்ஆர் வகைப் பெரிய கேமரா. கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே தருகிற சாதாரண ஜூம் லென்ஸ்) சேர்த்து முக்கால் கிலோ வரும். கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலம்). முகத்துக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெண்ணெய்போல் கரைத்துவிடும் லென்ஸ் அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டிஎஸ்எல்ஆருக்குள் கண்ணாடி ஒன்று தூக்கி விழுமே, அந்த 'டக்' சத்தம் தாழ்வாரத்தில் நன்றாகவே கேட்கும். முதல் படம் சுமாராக வந்தாலும் இரண்டாவதில் எல்லோரும் ஆதார் அட்டை ஆகிவிடுவார்கள்.

போனில் எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பாம்படம் போட்டு வடித்த காது. நகையைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆகியும் காது மட்டும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்குகிறது. பின்னணியைத் தானே மங்கலாக்கும் போனின் போர்ட்ரெய்ட் மோடுக்கு அந்தக் காது புரியவில்லை. காது வளையத்துக்கு உள்ளே தெரிகிற சுவரைத் தெளிவாக விட்டுவிட்டு, வெளியே உள்ள சுவரை மங்கலாக்கிவிட்டது. காதுக்குள் ஒரு சின்ன ஜன்னல் வைத்தாற்போல் இருந்தது. கன்னத்துச் சுருக்கத்தையும் பெருக்கித் துடைத்திருந்தது. ஆச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு, என் மவளா?" என்றாள். அத்தோடு போன் கதை முடிந்தது.

சரி, சட்டைப்பையில் போடுகிற மாதிரி சின்ன கேமரா வாங்குவோம் என்று இறங்கினேன். (சேலை கட்டுகிறவளுக்குச் சட்டைப்பை ஏது? என் கணக்கில் சட்டைப்பை என்றால் கைப்பையின் ஓர அறை.) இறங்கினால் அது ஒரு கடல். ஆறு மாதம் யூடியூப் பார்த்தேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லோரும் சொன்ன ஒரே விஷயம், எது வாங்கினாலும் அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாம் என்பது.

என்னைக் குழப்பத்திலிருந்து வெளியே இழுத்தது ஒரு சின்ன வேலை. செலவில்லாதது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

கம்ப்யூட்டரில் கிடந்த பழைய படங்களில் ஆட்கள் இருக்கிற படங்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். அதில் எனக்கு உண்மையிலேயே பிடித்தவை 43. ஒவ்வொரு படமும் என்ன ஃபோக்கல் லென்த்தில் (லென்ஸின் மி.மீ. எண்; சிறிதானால் பார்வை அகலம், பெரிதானால் நெருக்கம்) எடுத்தது என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். குறித்துக்கொண்டே வந்தேன். 50 மி.மீ. லென்ஸில் எடுத்தவைதான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏழுதான் இருந்தன. 29 படங்கள் கிட் லென்ஸில், 24 மி.மீ.க்கும் 30 மி.மீ.க்கும் நடுவில் எடுத்தவை. என் கேமராவின் சென்சார் (படம் விழுகிற சில்லு) ஃபிலிமைவிடச் சின்னது, அதனால் இதை 1.5ஆல் பெருக்க வேண்டும். 36லிருந்து 45 வரை. அதாவது பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் 40 மி.மீ. பக்கம்.

இருந்தாலும் சந்தேகம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை முதல் இரண்டு வாரம் 18 மி.மீ.யில் அசையாமல் ஒட்டினேன். அது ஏறக்குறைய 28 மி.மீ. பார்வை. அடுத்த இரண்டு வாரம் 26இல் ஒட்டினேன். அது 40. ஒரு மாதம் ஜூம் இல்லாமல் வாழ்ந்து பார்த்தேன்.

28இல் கூட்டமாக எடுப்பது சுகம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ரதவீதி, கல்யாணப் பந்தி, எல்லாம் உள்ளே அடங்கிவிடும். ஆனால் ஒருவர் முகமும் தோளும் படம் நிறைய வர வேண்டும் என்றால் அரை மீட்டர் தூரத்துக்குப் போக வேண்டும். அரை மீட்டர் என்பது காதில் ரகசியம் சொல்கிற தூரம். அங்கிருந்து எடுத்தால் மூக்கு முன்னால் வந்துவிடும், காது பின்னால் போய்விடும். இது லென்ஸின் குற்றம் இல்லை, நிற்கிற இடத்தின் குற்றம். எந்த லென்ஸாக இருந்தாலும் அந்தத் தூரத்தில் மூக்கு அப்படித்தான் தெரியும். 40இல் அதே அளவு முகத்துக்கு எழுபது சென்டிமீட்டர் போல வரும். இடுப்புவரை என்றால் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் என்பது அப்பளப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிற தூரம். நான் எப்போதும் உட்கார்கிற இடம் அதுதான். அங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பது பெரியம்மைக்குப் புதிது இல்லை.

இங்கேதான் 'கேண்டிட்' (போஸ் கொடுக்காத, இயல்பான படம்) என்ற சொல்லைப்பற்றி எனக்கு ஒரு முடிவு வந்தது. இப்போது கல்யாணங்களில் கேண்டிட்டுக்கென்று தனி ஆள், தனி ரேட். போன மாதம் ஒரு வரவேற்பில் அந்தக் கேமராக்காரத் தம்பி மாப்பிள்ளையிடம், "அண்ணா, கேண்டிடா சிரிங்க, அக்காவைப் பாருங்க, இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரு வகை. இன்னொரு வகை, தூணுக்குப் பின்னாலிருந்து நீள லென்ஸில் ஆளுக்குத் தெரியாமல் எடுப்பது. எனக்கு இரண்டாவதில் மனம் ஒப்பவில்லை. தெரியாமல் எடுத்த படத்தில் ஆள் இருப்பார், ஆனால் அவருக்கும் நமக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. எனக்கு வேண்டியது, கேமரா இருப்பது தெரிந்தும் அதை மறந்துபோன முகம். அதற்கு ஜூம் உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, சத்தமில்லாமல் எடுக்கிற கருவி வேண்டும்.

இப்படி யோசித்ததும் பட்டியல் தானாகச் சுருங்கியது. சோனி ஆர்எக்ஸ்100இன் ஏழாவது மாடல் முதலில் போனது. 24லிருந்து 200 வரை ஜூம், உள்ளங்கை அளவு, பிரமாதமான பொறியியல். ஆனால் அது தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கான கேமரா. அதே வரிசையில் 2014இல் வந்த மூன்றாவது மாடலை மட்டும் வெகுநாள் விட முடியவில்லை. 24 முதல் 70 வரை, எஃப் 1.8 முதல் 2.8 வரை, விசையைத் தள்ளினால் மேலே எழும் குட்டி வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல்), மேலே மடக்கிப் பார்க்கக்கூடிய திரை. பழையது கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைக்கும். 70இல் எடுத்தால் முகம் லட்சணமாக வரும், மூக்குப் பிரச்சினை இல்லை.

அப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதிய இடைவேளையில், வீணாய்ப்போன பே-இன்-ஸ்லிப்பின் பின்பக்கத்தில். பின்னணி வெகு தூரத்தில் இருந்து, முகத்தையும் ஒரே அளவில் எடுத்தால், அந்தப் பின்னணி எவ்வளவு மங்கும் என்பது லென்ஸ் வாயின் அகலத்தைப் பொறுத்தது. அதாவது லென்ஸின் உண்மையான மி.மீ.யை (ஃபிலிம் கணக்கில் சொல்வதை அல்ல) எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. சோனி மூன்றாவது மாடலின் 70 என்பது உண்மையில் 25.7 மி.மீ. அதை 2.8ஆல் வகுத்தால் 9.2. பட்டியலில் இருந்த ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ் என்ற குட்டிக் கேமராவின் 40 என்பது உண்மையில் 26.1 மி.மீ. அதையும் 2.8ஆல் வகுத்தால் 9.3. இரண்டும் ஒன்றுதான்! அதே பட்டியலில் இருந்த ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 23 மி.மீ., எஃப் 2, வகுத்தால் 11.5. என் பழைய 50 எஃப் 1.8க்கு 27.8. வெண்ணெய்போலக் கரைவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சின்ன கேமராவில் அந்த வெண்ணெய் கிடைக்காது. எது வாங்கினாலும் பின்னணி லேசாகக் கலங்கும், அவ்வளவுதான். அதை ஒப்புக்கொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. எனக்குப் பின்னணியில் முற்றமும் தூணும் காயப்போட்ட அப்பளமும் தெரிந்தால் சந்தோஷம்தான்.

மங்கல் சமம் என்றால் எதை வைத்துத் தேர்வு செய்வது? வெளிச்சம். பெரியம்மை வீட்டில் முற்றம் மட்டும்தான் விளக்கு. தூணைத் தாண்டி உள்ளே போனால் பகலிலும் மசமசவென்று இருக்கும். சோனியில் இருப்பது 'ஒரு அங்குல' சென்சார். பெயரில்தான் அங்குலம். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளந்த காலத்துப் பெயர் அது. உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ. ரிக்கோவிலும் ஃபூஜியிலும் இருப்பது என் டிஎஸ்எல்ஆரில் உள்ள அதே ஏபிஎஸ்-சி அளவு, பரப்பில் அதைப்போல் மூன்று மடங்கு. அரையிருட்டில் குழவி உருட்டுகிற கை கலங்காமல் இருக்க 1/125 நொடியாவது வேண்டும். அப்படி வைத்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளி தெரியும்) 1600, 3200 என்று போகும். அந்த இடத்தில் சென்சார் அளவு பேசும். சோனி போனது.

ஃபூஜி எக்ஸ்100வி ஒன்றைத் தோழி இரண்டு நாள் கொடுத்தாள். பிரியவே மனசில்லை. ஷட்டர் வேகத்துக்கு மேலே ஒரு திருகு, லென்ஸில் அப்பர்ச்சர் (எஃப் எண்) வளையம், கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம், எலக்ட்ரானிக்காகவும் பார்க்கலாம். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தம் ஏறக்குறைய இல்லை. 35 மி.மீ. பார்வை, என் 40க்குப் பக்கத்து வீடு. ஆனால் அதன் அழகே எனக்கு எதிராகிப்போனது. தெருவில் இறங்கினால் ஆள் ஆளாக வந்து, "மேடம், ஃபிலிம் போடுற கேமராவா? இப்பவும் ரோல் கிடைக்குதா?" என்று விசாரிக்கிறார்கள். பெரியம்மை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர் வைத்திருந்தது இதேதான் என்று சாதித்தாள். அப்புறம் என்ன, அந்தக் காலத்து ஸ்டுடியோவில் உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்துவிட்டாள். 478 கிராம் எடை என் கைப்பைக்குக் கொஞ்சம் அதிகம். 2024இல் வந்த ஆறாவது மாடல் இன்னும் கனம், 521. விலையைப் பற்றி என் வீட்டுக்காரர் முன்னிலையில் பேசக் கூடாது.

மிச்சம் ரிக்கோ. ஜிஆர் என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே வருகிற பெயர். ஜப்பானின் டைடோ மோரியாமா தெருத்தெருவாக நடந்து எடுத்ததெல்லாம் இந்த வகைக் குட்டிக் கேமராக்களில்தான் என்பார்கள். அவருடையது வேறு உலகம், கறுப்பு வெள்ளையில் குதறியெடுக்கும் உலகம். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2019இல் வந்த ஜிஆர் 3இன் பார்வை 28 மி.மீ. 2021இல் அதையே 40 ஆக்கி 3எக்ஸ் என்று விட்டார்கள். என் டேப் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்ததால் எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் 4 வந்தபோதும் அது 28தான் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

நம் ஊர்க் கடையில் அது கைக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் கேட்டேன். "ஜூமே இல்லாத கேமராவுக்கு இவ்வளவு எதுக்கு மேடம்?" என்று சொல்லி, இரண்டு லென்ஸும் பையும் ஸ்டாண்டும் சேர்ந்த செட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் இருக்கிற தம்பியிடம் சொன்னேன். பழையது ஒன்றை ஒருவரிடமிருந்து நேரில் பார்த்து வாங்கினான். வாங்குமுன் அவனிடம் செய்யச் சொன்னது மூன்று. பத்துத் தடவை ஆன் ஆஃப் செய்து, லென்ஸ் வெளியே வரும்போது கரகர சத்தம் வருகிறதா என்று கேள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடு, சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார். தம்பி சுவரைப் படமெடுப்பதைப் பார்த்து விற்றவர் பயந்துபோய் ஐம்பது டாலர் குறைத்தாராம்.

பேட்டரியும் கார்டும் சேர்த்து 262 கிராம். ஒரு கையால் ஆன் செய்து ஒரே கையால் எடுக்கலாம். எடுத்துவிட்டு முந்தானைக்குள் போய்விடும். இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். வியூஃபைண்டர் இல்லை, வெயிலில் திரையைப் பார்ப்பது ஒரு தவம். திரை மடங்காது. ஃபிளாஷ் இல்லை, ஜிஆர் 2இல் இருந்ததை மூன்றாவதில் எடுத்துவிட்டார்கள். ஒரு சார்ஜில் 200 படம்தான் என்று கம்பெனிக் கணக்கே சொல்கிறது, ஆகவே பையில் எப்போதும் இன்னொரு பேட்டரி. தூசி, ஈரம் புகாமல் காப்பு கிடையாது. உளுந்து மாவு பறக்கிற வீட்டில் இது யோசிக்க வேண்டிய விஷயம். மாவு பிசைகிற நேரத்தில் அது ஜிப் பைக்குள் இருக்கும். இடத் தொடங்கிய பிறகுதான் வெளியே வரும்.

திரை மடங்காததில் ஒரு நன்மை. தரையில் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்க நானும் தரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார்ந்தால் பெரியம்மை சும்மா விடுவாளா? கையில் ஒரு உருண்டையைத் திணித்துவிடுவாள். ஒரு கையில் மாவு, ஒரு கையில் கேமரா.

இதில் எனக்குப் பிடித்தது 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒன்று. தூரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடலாம், 1 மீட்டர், 1.5, 2 என்று. பொத்தானைப் பாதி அழுத்தினால் வழக்கம்போல் ஃபோகஸ் தேடும். ஒரே அழுத்தாக அழுத்தினால் தேடாமல், சொல்லிவைத்த தூரத்திலேயே எடுத்துவிடும். எஃப் 5.6, 2 மீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். (28 மி.மீ. ஜிஆரில் இதே கணக்கு ஒன்றேகாலிலிருந்து ஆறு மீட்டர் வரை போகும். தெருவில் எடுக்கிறவர்கள் 28ஐ விடாததற்கு இது ஒரு காரணம்.) தாழ்வாரத்துக்கு எஃப் 5.6 கட்டுப்படியாகாது என்பதால் அங்கே முகத்தைத் தேடிப் பிடிக்க விட்டுவிடுவேன். வாசல் திண்ணையில், கோயில் வாசலில், ஸ்னாப்.

வாங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் மேகமூட்டமான வெளிச்சம், எதிர்ப்பக்கத்துத் தூணில் பட்டு மெதுவாக உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி, ஊரில் யாரோ வீட்டு நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சொல்ல, பெரியம்மை, "ஏளா, நான் அன்னைக்கே சொல்லலையா?" என்று திரும்பினாள். புருவம் ஏறியது. எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 1600. குழவி கையில் இருந்தது. மாவு ஒட்டின விரல் ஒன்று ஆச்சியை நோக்கி நீண்டிருந்தது. சத்தமே வரவில்லை. ஆச்சி மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் மாட்டி, தீபாவளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"பல்லுல்லா தெரியுது."

"சிரிச்சா பல்லு தெரியத்தானே செய்யும், பெரியம்மை?"

"கையில மாவு வேற. இதப் போயி செவுத்துல மாட்டுவாவளா? நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரு இதத்தானே பாப்பாவ. இரு, பட்டுச் சேலை எடுத்துக் கட்டிட்டு வாரேன்."

கட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் திருநீறு, காதில் கம்மல், தலையில் ஒரு முழம் மல்லிகை. தாழ்வாரத்தில் மர நாற்காலி போட்டு, முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்கார வைத்தேன். இரண்டு கையும் தொடைமேல். புருவம் இரண்டும் ஒரே கோட்டில். நான் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கேமராவிலேயே இருக்கிற 71 மி.மீ. கிராப்பை (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது) போட்டேன். 24 மெகாபிக்சல் 7 ஆகக் குறையும், சுவரில் மாட்டும் அளவுக்கு அது தாராளம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே படம்.

அதுதான் இப்போது பெரியப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. புருவம் ஏறிய படம் அப்பளப் பெட்டிமேல் சுவரில் சாய்ந்து நிற்கிறது, கண்ணாடியில் மாவு படிந்து. ஆச்சி வரும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறாளாம்.